இரண்டாம் அறையில் ஒரு விருந்தாளி

புவக்பிட்டிய என்றால் யாருக்குத் தெரியும் என்று
கொழும்பு என்றே போட்டான் பூபாலன், இணையத்தில்.
மாவட்டம் அதுதானே, பொய்யில்லை என்றான்.
கோட்டையிலிருந்து களனிவெளி ரயிலில்
இரண்டரை மணித்தியாலம் குலுங்கி வந்து இறங்குகிறவர்கள்
கடல் எங்கே என்று கேட்பார்கள்.
நான் ஆற்றைக் காட்டுவேன்.
அதிலே ஒரு புள்ளி குறையும்;
மறுநாள் பலாக்காய்க் கறியில் திரும்ப ஏறும்.

மார்ச் மாதம் ஓர் இராத்திரி
போன் பன்னிரண்டு தரம் டிங் என்றது.
முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நாங்கள்
ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.
அன்றைக்கு ஏப்ரல் போனது. மே போனது.
ஜூலையில் வரவிருந்த தேனிலவு ஒன்று
மன்னிப்பும் ஒரு பூப்படமும் அனுப்பிவிட்டுப் போனது.
விடியும்போது நாட்காட்டி
கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி இருந்தது.

ஊரடங்கு. ரயில் இல்லை.
தண்டவாளத்தில் மிளகாய் காயவைத்தாள் சோமலதா.
கிராம சேவகர் ஐயாயிரம் ரூபா லிஸ்டோடு வந்தவர்
வாசல் போர்டை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்:
"உங்களுக்கென்னம்மா, ஹோட்டல்காரர்."
அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.
அந்தப் போர்டுக்குப் பெயின்ட் மட்டும் ஏழாயிரம்.

லீசிங்காரப் பையன் மரியாதையாகத்தான் பேசினான்.
ஆறு மாதம் கட்டவேண்டாம் அக்கா.
வட்டி?
அது பாட்டுக்குப் போகும் அக்கா.
எங்கள் வீட்டில் அப்போது
எங்கேயாவது போய்க்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டு வெள்ளை விரிப்பில் நாலை வெட்டி
முகக்கவசம் தைத்தேன், ஒன்று முப்பது ரூபா.
பூபாலன் வானில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றினான்,
கண்ணாடியில் 'சுற்றுலா' என்றிருந்ததைச் சுரண்டாமலே.
ஹங்வெல்லைச் சாவடியில் ஆமிக்காரப் பையன்
டூரிஸ்டா என்றானாம்.
ஆமா சேர், இன்னும் குளிக்கவில்லை.
சிரித்துவிட்டு விட்டானாம்.

முதலாம் அறையில்
வெள்ளைக்காரருக்காகப் போட்ட வைஃபையில்
லயத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் பின்னம் படித்தார்கள்.
ஒரு மீட்டர் இடைவெளி என்றபடியால்
இரண்டு பேர் யன்னலுக்கு வெளியே,
குடையோடு.

இரண்டாம் அறையை மட்டும் விட்டுவைத்தோம்.
திங்களும் வியாழனும் தூசி தட்டி,
நுளம்பு வலையை முடிந்து,
தலையணை மேல் பிரிக்காத சவர்க்காரம் வைத்து.
பூஞ்சணம் பிடிக்குமுன்
யாராவது படுக்கவேணும் இந்த மெத்தையில் என்றேன்,
ஜூன் மழை விடாத ஓர் இரவு.
பூபாலன் எழுந்து போனான்.
வெளியே சுற்றி வந்து கதவைத் தட்டினான்,
கையில் பயணப் பை: உள்ளே ஒரு சாரம், ஒரு டோர்ச்.
ரூம் இருக்கா?
நான் பாஸ்போட் கேட்டேன்.

கட்டி நாலு வருஷம். ஒரு நாளும் நாங்கள் அதில் படுத்ததில்லை.
ஃபேன் மூன்று சுற்றுக்கொருதரம் டக் என்கிறது.
குழாய் சொட்டுகிறது, தூக்கம் வருகிற நேரம் பார்த்து.
பிறகு யன்னல்.
விளக்கை அணைக்க மறந்து வந்திருந்தேன்;
அங்கேயிருந்து பார்த்தால்
எங்கள் குசினி முழுக்கத் தெரிகிறது.
அடுப்பு, கணக்குக் கொப்பி,
நான் குந்தியிருந்து காசு எண்ணுகிற பலகை,
கோபம் வந்தால் மூடியை எறிகிற மூலை.
நாலு வருஷமாய் அத்தனை தேசமும் பார்த்திருக்கிறது.
பார்த்துவிட்டு,
'அன்பான குடும்பம்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

காலையில் விருந்தினர் புத்தகத்தில்,
ஸ்லோவேனியாக்காரியின் மார்ச் பதினொன்றுக்குக் கீழே
அவன் கையெழுத்து:
'கடல் இல்லை. ஃபேன் சத்தம்.
பலாக்காய் என்றார்கள், பருப்புத்தான் தந்தார்கள்.
வீட்டுக்காரி கண்டிப்பு. காசு கேட்கவில்லை.
மறுபடி வருவேன்.'

பழைய செருப்பில் வட்டமாய் ஒரு துண்டு வெட்டி
குழாய்க்கு வாஷர் போட்டான்.
நான் குசினி யன்னலுக்குத் திரை தைக்க
ஐந்தாவது விரிப்பை எடுத்தேன்.
அளந்தேன். கத்தரிக்கோல் வரைக்கும் போய்
மடித்து வைத்துவிட்டேன்.
எட்டு இருக்கட்டும்.
ஆட்கள் வந்தால், மாற்றிப்போட வேணும்.