பக்கம் மூன்று

பொத்தோசியில் காற்று கொஞ்சம்தான்.
அதையும் இரும்புக் குப்பியில் அடைத்துக்
கட்டில் கட்டிலாக உருட்டிப் போகிறோம்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
சிலிண்டர் தள்ளுகிறவளுக்கும் மூச்சு வாங்கும் என்பது
படிவத்தில் இல்லை.

படிவம் வியாழக்கிழமை வந்தது.
கொண்டுவந்தவர் பெயர் எவரிஸ்தோ.
சாந்தா குரூஸின் தாழ்நிலத்து மனிதர்,
உயரம் தலைக்கேறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
உட்காரவைத்துக் கொக்கா இலைத் தேநீர் கொடுத்தோம்.
ஐந்து நர்ஸுகளுக்கு இரண்டு நாற்காலி.
அதில் ஒன்றில் சாய்ந்தபடி
ஒன்பதாம் கேள்வியை அவரே வாசித்தார்:
"அமர்ந்து ஓய்வெடுக்கப் போதிய வசதி உள்ளதா?"
காசிமிரா நின்றுகொண்டே சிரித்தாள்.
அவருக்குப் புரியவில்லை, பாவம்.
தலைவலி.

ஒன்று என்றால் மிக மோசம், ஐந்து என்றால் மிக நன்று.
நியேவெஸ் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டாள்,
பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதும் வேகத்தில்.
"மூன்று போட்டால்
யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள்."
பதினாறு வருட சர்வீஸ் அவளுக்கு.

நான் பதினாலில் நின்றுவிட்டேன்.
"பணியில் சுயமாக முடிவெடுக்கும் உரிமை
உங்களுக்கு உண்டா?"

ராத்திரி மூன்று மணிக்கு உண்டு.
காலை எட்டு மணிக்குக் கிடையாது.
இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

ஆறாம் கட்டிலில் இலாரியோன்.
நாற்பத்தாறு வயது உடம்பு,
நெஞ்சுக்குள் இருபத்தெட்டு வருடச் சுரங்கத் தூசி.
ஞாயிறு இரவு அவர் உதடு
கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது.
டாக்டர் உர்கிதியை போனில் எழுப்பினேன்.
"காலையில் பார்ப்போம்" என்றார்.
குரலில் போர்வை இருந்தது.

குமிழைத் திருகினேன், இரண்டிலிருந்து நாலுக்கு.
தலையணை ஒன்றுதான். என் கோட்டைச் சுருட்டி
முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தினேன்.
தரையில் கம்பளிக்குள் கிடந்த அவர் மனைவி எழுந்து
என் கையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
விடியும்வரை மூன்று பேரும்
அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதினார்:
என் உத்தரவுப்படி நாலு லிட்டர்.
முத்து முத்தான கையெழுத்து.
எனக்குக் கோபம் வரவில்லை.
வந்தது. உடை மாற்றும் அறையில்,
ஐந்து நிமிடம், குழாயைத் திறந்துவிட்டு.

ஆனால் இந்த இடம் பிடிக்கவில்லை என்று எழுதினால்
அதுவும் பொய்யாகிவிடும்.
இருட்டில் நியேவெஸின் செருப்புச் சத்தம் வைத்தே
எந்தக் கட்டிலுக்கு ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியும்;
நான் கேட்பதற்குள் ஊசி என் கையில் இருக்கும்.
நாலு மணிக்குக் காசிமிரா
ஒரு ரொட்டியை ஐந்தாகப் பிய்ப்பாள்,
ஒருத்தி வராத நாளிலும் ஐந்தாகவே.
அந்த மிச்சத் துண்டுக்கு
எந்தக் கேள்வியும் இல்லை, கட்டமும் இல்லை.
விளிம்பில் எழுதப் பார்த்தேன்.
விளிம்பு விரலகலம்.

அப்போதுதான் ஜன்னல் அடித்துக்கொண்டது.
ஆறாம் கட்டிலின் ஜன்னல்; சட்டம் சுருங்கி
ஜூலைக் காற்று கத்தியாய் நுழையும் இடுக்கு.
மூன்று கடிதம் எழுதினோம் அதற்காக.
மூன்றுக்கும் முத்திரை போட்டுத் தந்தார்கள்.
கையில் இருந்த தாளை நாலாக, எட்டாக மடித்து
இடுக்கில் செருகினேன்.
நின்றுவிட்டது.
இலாரியோன் புரண்டு படுத்தார்.

திங்கட்கிழமை எவரிஸ்தோ வந்தார், தலைவலி போயிருந்தது.
தாள்களை எச்சில் தொட்டு எண்ணினார்.
"சகோதரி சாத்தூர்னினா,
உங்களுடையதில் பக்கம் மூன்று இல்லையே?"
"இருக்கிறது" என்றேன்.
"பயன்பாட்டில் இருக்கிறது."

முழுமையற்றது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.
ஜன்னல் பத்தடி தூரம்தான்.
அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.