எட்டு மாதத் தவணை

கேஸ் பில்லின் முதுகில் லோகு கோடு கிழித்தார்.
இடப்பக்கம் தங்கச்சி கல்யாணம்,
வலப்பக்கம் குழந்தை.
நடுக்கோடு நேராக நிற்காமல்
குழந்தையின் பக்கமாகத் தள்ளிப்போயிருந்தது.

தையில் யுவராணிக்கு, ரத்தினகிரியில்.
அது ஐயர் குறித்த தேதி.
ஆவணியில் எனக்கு.
அது டாக்டரம்மா குறித்தது, பென்சிலால்.

பந்தல், பாத்திரம், நானூறு இலை,
பெண்ணழைப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா,
அதைப் பெட்டியில் வைப்பதா தட்டிலா என்பது வரைக்கும்
இடப்பக்கம் நிரம்பி வழிந்தது.
எதிரே ஒரே வரி:
ஆஸ்பத்திரி, மற்றவை.
அந்த மற்றவைக்குள்தான்
படுத்து உருண்டுகொண்டிருக்கிறது
ஏழு மாதம்.

எங்கள் ஷூ கம்பெனியில்
மேல்தோல் தைக்கிற லைனில்
சீட்டுப் பிடிக்கிறாள் பரிமளா.
'ரெண்டையும் என்கிட்ட போடு,
தள்ளி எடுத்தா லாபம்.'
அவளுக்கு முன்னால் சீட்டுப் பிடித்தவளை
தள்ளி எடுக்கக் காத்திருந்தவர்கள்
இன்னும் வாலாஜாவில் தேடுகிறார்கள்.

சனிக்கிழமை, கத்திரி வெயில்.
நானும் யுவராணியும்
முத்துக்கடையில் இறங்கி தபாலாபீஸ் போனோம்.
'மாசாமாசம் கட்டுறதா? அஞ்சு வருஷம்' என்றார் கவுண்டர் அம்மா.
'மாப்பிள்ளை தாங்க மாட்டார்' என்றாள் யுவராணி.
அந்த அம்மா சிரிக்கவில்லை.
என் வயிற்றைப் பார்த்தார்,
இன்னொரு ஃபாரத்தை நகர்த்தினார்.
செல்வமகள்.

'பொண்ணுன்னா இது.
பையன்னா வேற தர்றேன்.'
தெரியாது என்றேன்.
ஸ்கேன் அறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறதே,
சொல்ல மாட்டோம் என்று.
'அப்ப பொறந்ததும் வா.'
நூலில் கட்டிய பேனாவை
விடாமல் பிடித்திருந்தேன் போல,
அவரே வாங்கிக்கொண்டார்.

விதிகளை நின்றபடி படித்தேன்.
பதினெட்டு முடிந்தால்
படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம்.
திருமணம் என்றால்
கணக்கையே முடித்துக்கொள்ளலாம்.
அடிப்பாவி,
இன்னும் மூச்சு விடவில்லை,
அதற்குள் உனக்கும் ஒரு தை மாதமா.
படிப்பு என்ற சொல்லின் கீழ்
நகத்தால் ஒரு கீறல் போட்டேன்.
நகம் என்பதால் யாருக்கும் தெரியாது.

சாலை தாண்டி பேங்க்.
அங்கே எட்டு மாதத்துக்கும் போடலாமாம்.
மேனேஜர் வட்டியைத் தட்டிக் காட்டினார்:
முழுசாகச் சேர்ந்தால்
மேளக்காரர்களுக்குக் காபி வாங்கத் தேறும்.
நான் மாதம் இரண்டாயிரம் என்றேன்.
யுவராணி குறுக்கே வந்தாள்,
'நாலு. ரெண்டு என்னுது.'
நாற்காலி போடாத மொபைல் கடையில்
மூன்று வருஷம் நின்று சேர்த்தது.
லோகுவின் கோட்டுக்கு
எந்தப் பக்கமும் அந்த வரவு இல்லை.

கையெழுத்துப் போடும்போது
பேனாவைத் தூக்கிவிட்டுக் கேட்டாள்:
'சார், தையில கல்யாணம்.
இனிஷியல் மாத்தணுமா?'
'நீங்க மாத்துனா மாத்தலாம்மா.
மாத்தலைன்னாலும் கணக்கு ஓடும்.'
'அப்ப ஓடட்டும்' என்று
ஏ. யுவராணி என்று எழுதினாள்,
ஏ-வின் காலை மட்டும்
கொஞ்சம் அழுத்தி இழுத்து.

பஸ் வரவில்லை.
நிழற்குடையின் தகரம் காய்ந்த தோசைக்கல்.
ரோஸ்மில்க் ஒன்று வாங்கி
இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்தோம்.
'அண்ணன்கிட்ட சொல்லாதீங்க' என்றாள்.
எதை என்று கேட்கவில்லை நான்.

பிறகு என் பையைத் துழாவி
ஊசி போட்ட அட்டைக்கும் ஸ்கேனுக்கும் நடுவிலிருந்து
செல்வமகள் ஃபாரத்தை உருவி
நான்காய் மடித்து
எனக்கு விசிற ஆரம்பித்தாள்.

பேர் எழுதாத கணக்கிலிருந்து
வருகிறது கொஞ்சம் காற்று.
மெதுவா விசிறுடி, கசங்கப்போகுது,
ஆவணியில் வேண்டியிருக்கலாம்.