டிரான்ஸ்பார்மர் சுருதி

காரியம் முடிந்து
பந்தல்காரர் நாற்காலிகளை எண்ணினார்.
நூறு இறக்கினேன், தொண்ணூற்றொன்பதுதான் இருக்கு என்றார்.
மொட்டைமாடி வரை தேடினோம்.
மாமா இருந்திருந்தால்
ரப்பர் பேண்டு போட்ட கட்டிலிருந்து
ரசீதை உருவி வந்திருப்பார், தேதியோடு.

கலெக்டர் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சு.
விரல் பத்தும் ஓய்வு பெற மறுத்ததால்
பழைய சாமான் கடையில் ஒரு புல்புல்தாரா வாங்கினார்.
நாலு கட்டை அழுத்தினால் எழும்பாது.
அந்த ஸ்வரம் வரும்போது
தொண்டையைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.
சுருதிப்பெட்டி கிடையாது.
தெருமுனை டிரான்ஸ்பார்மர் ராத்திரியில் ஒரே சீராக முனகும்,
அதுதான் ஷட்ஜம்.
"இன்னாம்மா, கேக்குதா?"
கொசுதான் கேக்குது மாமா என்பேன்.
கரண்டு போனால் பாட்டும் பாதியில் நிற்கும்.
சத்துவாச்சாரியில் மின்வெட்டைச்
சங்கீத நஷ்டமாகக் கணக்கு வைத்த ஒரே ஆள்.

டிரான்ஸ்பார்மரை ஒட்டி ஒரு புங்கமரம்.
கம்பியில் உரசுகிறது என்று வெட்ட வந்தார்கள்.
"மேற்படி மரமானது" என்று தொடங்கி
நாலு பக்க மனு, கார்பன் நகலோடு.
ஒரு கிளை போனது, மரம் பிழைத்தது.
கத்திரி வெயிலில், தார் ரோடு
செருப்பைப் பிடித்து இழுக்கும் பகலில்
துணி அலசின தண்ணீரை அதற்குச் சுமப்பார்.
எனக்கு எரிச்சல்தான்.
லாரித் தண்ணீருக்குக் காசு எண்ணிக் கொடுத்தவள் நான்.

பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம்
எங்கள் எல்லோரையும் ஒரே ஆட்டோவில் அடைத்துப்
பாலத்துக்குக் கூட்டிப்போனார்.
ஊரே செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தது.
அவர் கண்ணை மூடிக்கொண்டு
"நம்ம டிரான்ஸ்பார்மரவிட அரைக்கட்டை கம்மி" என்றார்.

காட்பாடியைச் சொல்ல வேண்டும்.
பெங்களூர் வண்டியில் எங்கள் உறவில் யார் போனாலும்
அது நிற்கும் இரண்டு நிமிஷத்துக்கு
இரண்டு பஸ் மாறி வந்து நிற்பார்.
வாழையிலையில் இட்லி,
இலவம்பாடிக் கத்திரிக்காய் கொத்சு.
காம்பைத் தடவி, முள் குத்தினால்தான் வாங்குவார்.
ஜன்னல் கம்பிக்குள் பொட்டலம் நுழைய
அதைக் கொஞ்சம் நசுக்க வேண்டியிருக்கும்.
பேச ஒன்றும் இருக்காது.
"சூடா இருக்கு, பாத்து."
வண்டி நகர்ந்துவிடும்.
விரிஞ்சிபுரத்துச் சாமி பேர் அவருக்கு, மார்க்கபந்து.
ஒருமுறை என் தங்கை பெட்டி எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டாள்.
கைக்குழந்தையோடு இருந்த யாரோ ஒருத்தியிடம்
பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.
"அவளும் யார் வூட்டுக்கோ மருமவதானே."

கடைசி ஆறு நாள் ஆஸ்பத்திரியில்.
பக்கத்துப் படுக்கைக் கருவி
அபஸ்வரமாகக் கூவுகிறது என்று புகார் சொன்னார்.
நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள்.
குழாய் ஒன்று மடங்கிக் கிடந்தது.
நிமிர்த்திவிட்டு வந்து
அவர் காதைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நாற்காலி இன்று சாயங்காலம் கிடைத்தது.
இஸ்திரி போடும் வேதகிரி
புங்கமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்.
"எட்டு மணிக்கு ஐயா இங்கதான குந்துவாரு."
பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் அவர்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

எடுக்கப் போனவள் உட்கார்ந்துவிட்டேன்.
மடியில் புங்கம்பூ பொரியாக உதிர்ந்தது.
மேலே அது முனகிக்கொண்டிருந்தது.
கொசு என்றுதான் முதலில் நினைத்தேன்.
தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு
வாயைத் திறக்காமல்
தொண்டையால் அதைத் தொட்டுப் பார்த்தேன்.
எட்டவில்லை.
கொஞ்சம் இறங்கினேன். இன்னும் கொஞ்சம்.
அப்போது பார்த்துக்
கரண்டு போனது.

இருட்டிலேயே பந்தல்காரருக்குப் போன் போட்டு
ஒரு நாற்காலி என்ன விலை என்று கேட்டேன்.