ஏழு நிமிட மிச்சம்

பேருந்தென்றால் நாற்பது நிமிடம், நடுவில் ஒரு மாறல்.
ஓடினால் முப்பத்து மூன்று.
இந்தக் கணக்கை ஒரு ஜனவரியில், தரிப்பிடத்தில் நின்று,
கையுறை கழற்றாமல் விரல்விட்டுப் போட்டேன்.
உடம்பு குறைக்கவா என்று கேட்பவர்களுக்கு
ஓம் என்று சொல்லிவிடுவேன்.
சுலபமான பதில்.

நாலு மணி. பட்டறையில்
கடைசிக் கடைவாய்ப்பல்லை மினுக்கிப்
பெட்டியில் வைத்துப் பெயர் ஒட்டுகிறேன்:
டீக்மான், கீழ்த்தாடை, இடப்பக்கம்.
அந்த மனுசன் இதால் எதைக் கடிப்பாரோ.
மூக்கில் பீங்கான் தூசு இருக்க
கழிப்பறையில் சப்பாத்து மாற்றி
நாலு பத்துக்குப் பழைய ரயில்பாதையில் ஏறுகிறேன்.

வூப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கும்,
மேட்டில் ரயில் போன இடத்தில் மனிதர் ஓடுவர்.
தண்டவாளம் கழற்றித் தார் போட்டிருக்கிறார்கள்.
முதுகுப்பையில் காலையே வாங்கிய பசளி, ஒரு தேசிக்காய்,
இரண்டு லீக்ஸ்.
லீக்ஸ் பைக்குள் அடங்காது,
தோளுக்கு மேலே கொம்பு மாதிரி ஆடும்.
சக்கரச் சப்பாத்தில் எதிரே வந்த பெடியன்
"இரவைக்கு சூப்பா?" என்று கத்திவிட்டுப் போனான்.
மூச்சு இல்லை, கையை மட்டும் காட்டினேன்.

சுரங்கத்துக்குள் என் காலடி சுவரில் பட்டு
ஒரு அடி பிந்தித் திரும்பி வரும்.
முதல் மாதம் யாரோ துரத்துகிறார்கள் என்று
பயந்து வேகம் கூட்டினேன்.
நல்ல பயிற்சி அது.

வீட்டில் இந்நேரம் காண்டீபன் எழும்பியிருப்பான்.
விடிய நான் ஊறப்போட்ட பயறைக்
குக்கரில் போட்டிருப்பான். வெங்காயம் வெட்டியிருப்பான்,
விறகு கொத்தினது போல.
இரவிரவாய்ப் பாண் தொழிற்சாலையில் நிற்பவனுக்குப்
பாண் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.
மூன்று மாதச் சீனிக் கணக்கைத் தாளில் காட்டி
டொக்டர் பேனாவால் வட்டம் போட்டபோது
அவன் சிரித்தான்; நான் சிரிக்கவில்லை.

நாலு நாற்பத்து மூன்றுக்குப் படியேறுவேன்.
இரண்டாம் மாடியில் குக்கர் சத்தம் கேட்டால்
நேரத்துக்கு வந்திருக்கிறேன்.
நாலு ஐம்பதுக்கு அவன் கதவைச் சாத்துவான்.
பேருந்தில் வந்த நாட்களில்
நாங்கள் வாசலில் பையை மட்டும் இடித்துக்கொண்டோம்.

அந்த ஏழு நிமிடத்தில் என்ன பேசுவீர்கள் என்றாள்
பக்கத்து மேசை உல்ரிகே.
குப்பை வாளி. ஹீற்றர் பில்.
பசளியில் மண் இருக்கு, மூன்று தரம் கழுவு.
சொதிக்குப் பால் குறை.
அவன் நின்றபடி ஒரு கோப்பை பயறு தின்பான்,
மிச்சத்தை நான் தாளித்து நாளைக்கும் கட்டுவேன்.

போன புதன் பாதையில் பனி கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது.
விழுந்தேன். முழங்கால்.
லீக்ஸ் ஒன்று முறிந்தது, எலும்பு இல்லை.
நொண்டி நொண்டி வர ஐந்து இருபது.
அடுப்பு அணைந்திருந்தது, குக்கரைத்
தன் குளிர்ச்சட்டையால் சுற்றிவிட்டுப் போயிருந்தான்.
மூடியைத் திறக்க ஆவி முகத்தில் அடித்தது.
தொட்டியில் ஒரே ஒரு கரண்டி.
உப்பு இரண்டு தரம் போட்டிருந்தான்,
நான் போட்டேனா என்று கேட்க ஆளில்லாமல்.
அதையே முழுக்கத் தின்றேன்.
குளிர்ச்சட்டை இல்லாமல் எப்படிப் போனான்
என்று அப்போதுதான் உறைத்தது.

இன்று முழங்காலில் கட்டுடன்
மெதுவாகத்தான் ஓடினேன். நாலு நாற்பத்தாறு.
நாலு நிமிடம்.
"வெந்தயம் வாங்கினியே?"
"மறந்துபோனன்."
அவன் சட்டை மடிப்பில் நேற்றைய மா,
என் கண்ணிமையில் இன்றைய பல்.
பெருவிரலால் துடைத்துவிட்டு
மணிக்கூட்டைப் பார்த்தான்.
குக்கர் இன்னும் ஒரு தரம் கூவ இருந்தது.