மூன்று புள்ளி ஒன்பது

நம்மூர்க் கருங்கல் என்றால்
குனியும்போதே இடுப்புக்குத் தெரிந்துவிடும்.
இந்தக் கல் ஏமாற்றும்.
கனமென்று நம்பித் தூக்கினால்
கை வெறுமனே மேலே போகும்;
இன்னொரு படி இருக்கிறதென்று
இருட்டில் கால் வைத்தவன் மாதிரி
ஒரு கணம் முழித்து நிற்போம்.

உள்ளே அத்தனையும் ஓட்டை.
மதீனாவுக்குக் கிழக்கே, ஹர்ராவில்,
எப்போதோ பூமி பொங்கி வழிந்தபோது
மாட்டிக்கொண்ட காற்றின் அறைகள்.
காற்று போய்விட்டது.
அறைகளைக் காலி செய்யவில்லை.

அந்தச் சரளையை அள்ளி
சிமென்ட்டில் புரட்டி அச்சில் அடித்தால்
பர்கானி பிளாக்.
வெயிலை வீட்டுக்குள் விடாது என்று
கம்பெனி வாசலில் பெரிய பலகை.

நான் அதை நொறுக்குகிறவன்.
லேபில் ஒரு ஏசி, ஒரு பிரஸ், ஒரு ரிஜிஸ்டர்.
லாட்டுக்கு மூன்று கல்.
முள் ஏறும்.
கல் முதலில் ஒன்றும் சொல்லாது;
பிறகு ஒரு மூலையில்
முறுக்கு கடித்த சத்தம்.
நாலுக்கு மேல் பாஸ்.
நாலுக்குக் கீழே என்றால்
பின்வேலி ஓரம் கொண்டுபோய்க் கொட்டு.

மூன்றாம் நம்பர் கேபினில் ஆறு பேர் நாங்கள்.
தகரம்.
மேற்குச் சுவரில் தோசை சுடலாம் என்பான் தவசிமுத்து.
மாவுதான் இல்லை.
அந்தச் சுவரையொட்டி கேசர் தாபாவின் கட்டில்.
ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு
வாசற்படியில் தூங்குவான்.
ஜூலையில் மிக்ஸர் பக்கத்திலேயே விழுந்தான்.
இரண்டு பாட்டில் குளுக்கோஸ்,
அரைநாள் சம்பளம் பிடித்தம்.

அந்த வாரம்தான் எழுபத்தோராம் லாட் வந்தது.
முள் ஐந்து புள்ளி இரண்டு வரை போனது.
அடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவே.
மூன்றாவதும்.
நல்ல கல்.
பேனாவைத் திறந்து
மூன்று புள்ளி ஒன்பது என்று எழுதினேன்.
எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று
நடுவில் இருப்பதை மட்டும்
மூன்று புள்ளி ஏழாக்கினேன்.
அன்றைக்கு என் கையெழுத்து
வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை.
மொஸ்லெம் ஜும்மா முடிந்து வந்து
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.
சிமென்ட் இல்லை, கயிறு இல்லை,
பாதிக்குப் பாதி ஏற்றி ஏற்றி
தகரத்துக்கு வெளியே
கூரை தொடும்வரை அடுக்கினோம்.
இரவு கேசர்
சுவரில் உள்ளங்கையை வைத்தான், எடுத்தான்,
மறுபடி வைத்தான்.
விடியற்காலை பார்த்தால்
போர்வையை இழுத்து மூடியிருக்கிறான்.

சனிக்கிழமை அபூ ரகத் வந்தார்.
கேபினை ஒரு சுற்று சுற்றினார்.
மோதிர விரலால் தட்டிப் பார்த்தார்.
"ஃபெயில் கல்தானே?"
"ஃபெயில் கல்தான், முதீர்."
நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எண்ணச் சொன்னார். எண்ணினேன்.
இருநூற்றுப் பத்து.
கல்லுக்கு ஒரு ரியால்,
ஆளுக்கு முப்பத்தைந்து,
சம்பளத்தில் கழியும்.

குப்பைக் கல்லுக்கும் காசா என்று
தவசிமுத்து மூன்று நாள் திட்டினான்.
நல்ல கல் விலை மூன்றரை ரியால்.
நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நாலாம் நம்பர் கேபின்காரர்கள்
சாப்பாட்டு நேரத்தில் லேபுக்கு வருகிறார்கள்.
ஏசி காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு
அடுத்த ஃபெயில் எப்போது என்று கேட்கிறார்கள்.
நான் என்ன சொல்வது,
அது கல்லைப் பொறுத்தது என்கிறேன்.

பிரஸ்ஸில் எண்பத்தாறாம் லாட்.
முள் ஏறிக்கொண்டிருக்கிறது.