குறுக்கே திருப்பிய கான்வாஸ்

சுன்ஸ்வாலில் படங்களுக்குச் சட்டம் அடிப்பவன் நான்.
ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
நான்கு மூலைகள், கொஞ்சம் பசை.
ஆனால் தெக்லா ஓஸ்ட்லிங்கின் படங்களுக்கு
முதுகு எப்படி இருக்கும் என்று
என்னளவு அறிந்தவர் யாருமில்லை.

முகத்துக்கு நூற்றைம்பது குரோனர் வாங்குவாள்.
ஏரிக்கு எவரும் எதுவும் தருவதில்லை.
ஆகவே குளிர்காலம் முழுக்க முகங்கள்:
பாதிரியார், மர வியாபாரிகள்,
கழுத்துப்பட்டை இறுகி மூச்சுமுட்டும்
அவர்களுடைய பிள்ளைகள்.
ஜூன் பிறந்தால் தபால் வண்டியேறி
வடக்கே போய்விடுவாள்.
அங்கே இரவே வராது; தூக்கமும்.
ஈரச் சாயத்தில் கொசுக்கள் ஒட்டிச் செத்தன.
எடுத்துப் போடமாட்டாள்.
"அதுகளும் அங்கே இருந்ததுகள்தானே."

கிராஃப்ஸ்ட்ரம் மூன்று மர ஆலைகளுக்குச் சொந்தக்காரர்.
பதினோரு நாள் அவள்முன் உட்கார்ந்தார்,
ரசீதில் முத்திரை வைக்கிற முகத்தோடு.
ஒன்பதாம் நாள்,
ஏப்ரல் கடைசி,
குடாவில் பனிப்பாளம் பிளந்த சத்தத்தில்
ஒரு கணம் தன்னை மறந்து திரும்பினார்.
அந்தக் கணத்தை வரைந்துவிட்டாள்.

அவர் மனைவி வந்து பார்த்தாள்.
"யாரையோ தொலைத்தவர்போல் இருக்கிறார் இதில்.
என் புருஷன் எதையும் தொலைத்ததில்லை."
படம் திரும்பி வந்தது.
பணம் வரவில்லை.

கான்வாஸ் விற்கிற விலை எனக்குத் தெரியும்.
அவள் அழவில்லை, திட்டவுமில்லை.
நிமிர்ந்திருந்த கிராஃப்ஸ்ட்ரமைக்
குறுக்கே படுக்கவைத்தாள்.
நெற்றிமேல் பிர்ச் மரங்கள் முளைத்தன,
தாடிமேல் நாணல்.
கோட்டின் கறுப்பை அப்படியே விட்டாள்,
ஏரிக்கு ஆழம் வேண்டுமே.
மூக்கில் தடித்திருந்த வெள்ளையைச்
சுரண்டச் சோம்பலோ என்னவோ,
அது கரையோரம் ஒரு பாறையாயிற்று.

ஒன்பது வருடம் என் கடைச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

பிறகு ஒரு நவம்பர்.
மனைவியை அடக்கம்செய்துவிட்டு
சவப்பெட்டித் தச்சனுக்குக் கொடுத்த மிச்சப் பணத்தோடு
என் கடைக்கு வந்தார்.
ஆலை ஒன்றுதான் மிச்சம் என்று ஊருக்கே தெரியும்.
கண்ணாடி ஒன்று கேட்க வந்தவர்
ஏரியின்முன் நின்றார்.
தொப்பியைக் கழற்றினார்.
"எந்த ஏரி?"
"வடக்கே எங்கோ."
"நான் இங்கே இருந்திருக்கிறேன்."

எனக்கு வாய் வரை வந்தது.
எண்பது குரோனர் என்றேன்.
பேரம் பேசவில்லை.

தெக்லாவிடம் சொன்னபோது
தட்டில் காய்ந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"எந்தச் சுவரில் மாட்டுகிறாராம்?"
"சாப்பாட்டு மேசைக்கு எதிரே."
கத்தி நின்றது.
"பக்கவாட்டில் வெளிச்சம் விழக்கூடாது.
அடியில் இருப்பது எழும்பிவிடும். சொல்லிவிடு."

சரி என்றேன்.
சொல்லவில்லை.
அந்த வீட்டில் இரண்டு முறை ஆணி அடித்திருக்கிறேன்.
ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.