இதர

பீப் என்று ஒரு சத்தம், பிறகு ஒரு விலை.
பத்து மணி நேரம் நின்றுகொண்டே கேட்கிறேன்.
கொழிஞ்சாம்பாறை முக்கில் எங்கள் கடை.
பாக்கெட்டில் மலையாளம், வரிசையில் தமிழ்,
வசவு மட்டும் இரண்டிலும்.

எந்த வீட்டில் என்ன வேகிறதென்று
எனக்குத் தெரிந்துவிடுகிறது. நானாக எட்டிப் பார்த்ததில்லை.
மாடி வீட்டுக்காரர் சர்க்கரையை நிறுத்தியது,
கள்ளு இறக்குகிற சாமியப்பன் வீட்டில்
திடீரென்று பால்பவுடர் வந்தது,
எல்லாம் பில்லில் வரும்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால்
எண்ணெய் ரெண்டு ரூபாய் குறைச்சலென்று
பஸ் ஏறுகிறவர்களும் உண்டு.
பஸ் காசை யாரும் எண்ணெயில் சேர்ப்பதில்லை.

அமலோற்பவம் வெள்ளிக்கிழமை வருவாள்,
கஞ்சிக்கோட்டுக் கம்பெனி பஸ் இறக்கிவிட்ட கையோடு,
அடையாள அட்டை கழுத்திலேயே தொங்க.
பாதி வெந்த பரோட்டா நாலு கட்டு,
இட்லி மாவு ரெண்டு,
இஞ்சிபூண்டு விழுது, புளிக்குழம்புக்கு ஒரு பேஸ்ட்,
பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் பன்னிரண்டு.
அப்புறம் தேங்காய்ப்பால் தூள்.
தேங்காய் விழுந்து ஓடு உடைகிற ஊரில்
தேங்காய்ப்பால் தூள்.
"உரிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த ஷிஃப்ட் வந்துருது"
என்பாள், நான் கேட்காமலே.
ஆயிரத்து எழுநூறு, சில வாரம் எண்ணூறு.
கார்டை நீட்டுவாள். பில்லைப் பார்க்கமாட்டாள்.

மாசியில் கம்பெனி கேட்டைச் சாத்தினார்கள்.
பேப்பரில் வருவதற்கு முன்
என் மிஷினில் வந்தது.
உளுந்து அரைக் கிலோ. மல்லி விதை. வத்தல் நூறு.
வெந்தயம், அந்தச் சின்னப் பொட்டலம்.
நூடுல்ஸ் ரெண்டு கொண்டுவந்து
ஒன்றைத் திரும்ப வைத்தாள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
நோட்டை நீவி நீவிக் கொடுத்தாள்.
பில்லை ரெண்டு தரம் படித்தாள்.

பின்னால் நின்ற தெரசா டீச்சருக்குப்
பூரிப்புத் தாங்கவில்லை.
"இப்படித்தான் இருக்கணும் குடும்பம்!
கடைப் பொடியெல்லாம் வெசம்.
வீட்ல வறுத்து அரைச்சாத்தான் ஒடம்புக்கு."
டீச்சர் கூடையில் கோழி மசாலா ரெண்டு பாக்கெட்.
அமலோற்பவம் பையின் வாயை முடிந்தாள்.
"நேரம் இருக்குதுங்க டீச்சர்.
இப்போதைக்கு எங்க வீட்ல
அது ஒண்ணுதான் மலிவு."

சித்திரையில் ஒருநாள், ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது,
இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் டப்போடு நின்றாள்.
உள்ளே இருபது பை மாவு,
ரப்பர் பேண்டு போட்டு, ஈரத்துணி மூடி.
முதலாளி வர்கீஸ் ஒன்றைப் பிரித்து
விரலால் தொட்டார், முகர்ந்தார்.
பைக்கு எட்டு ரூபாய் தனக்கென்றார்.
விற்காமல் நின்றால் உன் பாடு என்றார்.
அவள் டப்பைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.
அஞ்சு என்றார்.
இறக்கினாள்.

அதற்கு பார்கோடு கிடையாது.
'இதர' என்ற பொத்தானை அழுத்தி
விலையை நான்தான் அடிக்கவேண்டும்.
பீப் சத்தம் வராத ஒரே சரக்கு.
கம்பெனி மாவைவிட ஏழு ரூபாய் கம்மி,
முதலில் காலியாவதும் அதுதான்.
தெரசா டீச்சர் வாரத்தில் மூன்று நாள் எடுக்கிறார்.
"வீட்டு மாவு" என்கிறார், என்னிடம், பெருமையாக.

ராத்திரி எட்டரைக்கு
நானும் ஒரு பை எடுத்துக்கொள்வேன்.
என் வீட்டு கிரைண்டர் மேல்
பையனின் நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன.
நின்று நின்று கனத்த காலோடு
அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவ
என்னால் முடியாது. வெட்கமும் இல்லை.

போன வாரம் உளுந்து கிலோவுக்குப்
பதினாலு ரூபாய் ஏறியது.
தட்டில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டியது நான்.
அவள் பைக்கு விலை ஏறவில்லை.
டப்பை இறக்கும்போது அன்றைக்கு
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று தோசை வறட்டென்று வந்தது,
ஓரமெல்லாம் விறைத்து.
"மாவு சரியில்லையாம்மா?" என்றான் பையன்.
"கல்லு சரியாக் காயலடா" என்றேன்.